வாடகை வீட்டில் 10-க்கு 10 ஆபீஸ் அறை, எங்கு பார்த்தாலும் பில், சாயங்காலம் ஆனால் முதுகுவலி: எங்கே ஆரம்பிப்பது?

ஸ்ரீரங்கத்துக்காரி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். திருச்சி ஸ்ரீரங்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கொரோனா ஊரடங்கு சமயத்தில் வேலை பார்த்த ஆடிட்டர் ஆபீஸை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். அரிசிக் கடை, மருந்துக் கடை, ஒரு அச்சகம், ஹார்டுவேர் கடைகள் என்று இப்போது பதினெட்டு பேர் இருக்கிறார்கள். வேலை நன்றாகப் போகிறது, எனக்கு மிகவும் பிடித்த வேலையும்கூட. ஆனால் அறைதான் கையை விட்டுப் போய்விட்டது.

அறை 10-க்கு 10. மேற்கே ஒரே ஒரு ஜன்னல், அதை ஒட்டி என் அப்பா பயன்படுத்திய தேக்கு மேசை. அதே அறையில் ஸ்டீல் பீரோ, மாமியாரின் தையல் மிஷின், விருந்தாளி வந்தால் விரிக்கிற மடக்குக் கட்டில், மேசைக்கடியில் இன்வர்ட்டரும் பேட்டரியும். மிச்ச இடமெல்லாம் மஞ்சப்பைகள். ஒவ்வொரு கடைக்காரரும் மாதாமாதம் பில்களை மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். திரும்ப யாரும் கேட்பதில்லை, நானும் கொடுப்பதில்லை. 2020-லிருந்து சேர்ந்த பைகள் கட்டிலுக்கு அடியில், பரணில், கதவுக்குப் பின்னால் என்று எங்கும் இருக்கின்றன. போன வாரம் ஒரு பையைப் பிரித்தால் உள்ளே போட்டிருந்த ரப்பர் பேண்டு வெயிலில் உருகி பில்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, இழுத்தால் காகிதம் கிழிகிறது. ஃபேனைப் போட்டால் மேசையில் இருப்பதெல்லாம் பறக்கும், நிறுத்தினால் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் உட்கார முடியாது, வெயில் நேராக லேப்டாப் மேல் விழும்.

சாப்பாட்டு மேசை நாற்காலியில்தான் உட்காருகிறேன், முதுகுக்கு ஒரு தலையணை. சாயங்காலத்துக்குள் கழுத்தும் தோளும் கல்லாகிவிடுகிறது, கால் லேசாக வீங்குகிறது. என் உயரம் 5 அடி 1 அங்குலம்.

வீட்டுக்காரர் ஒரு சுவர் முழுக்க அலமாரி போட்டுவிடலாம் என்கிறார், 22,000 ஆகுமாம். என்னால் 15,000-க்கு மேல் செலவழிக்க முடியாது, சுவரில் துளை போட ஓனர் விடமாட்டார். அலமாரி வாங்கித்தான் ஆக வேண்டுமா, இல்லை வேறு வழி இருக்கிறதா? முதலில் எதைத் தொடுவது?

பேரேடு_கோவை

அம்மா, கோவையில் ஒரு மில்லில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அலமாரிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இன்றைக்கு அலமாரி வாங்கினால் அடுத்த வருஷம் இரண்டாவது அலமாரி வாங்குவீர்கள், ஏனென்றால் வருகிறது மட்டும்தான், எதுவும் வெளியே போவதில்லை.

முதலில் ஒன்று புரிந்துகொள்ளுங்கள். அந்த மஞ்சப்பைகள் உங்களுடையவை அல்ல. ஜிஎஸ்டி சட்டம் 35-ஆவது பிரிவின்படி கணக்குப் புத்தகமும் பில்லும் பதிவு செய்த வியாபாரியின் முதன்மைத் தொழில் இடத்தில் இருக்க வேண்டும், அதாவது அவர்கள் கடையில். அதிகாரி வந்து கேட்டால் "எழுதிக் கொடுக்கிற அம்மா வீட்டுப் பரணில் இருக்கிறது" என்று கடைக்காரர் சொன்னால் அவருக்கும் சிக்கல், உங்களுக்கும் சிக்கல். எனவே பைகள் எல்லாம் வந்த இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும். சும்மா தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள், எந்த மாதத்து விற்பனை பில், கொள்முதல் பில், பேங்க் ஸ்டேட்மென்ட் என்று ஒரு தாளில் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அவர் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் "உங்ககிட்டதானே கொடுத்தேன்" என்ற பேச்சு வராது.

எத்தனை வருஷம் வைக்க வேண்டும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். ஜிஎஸ்டி கணக்குக்கு 36-ஆவது பிரிவு: ஆண்டு ரிட்டர்னுக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். 2022-23 நிதியாண்டுக்குக் கடைசித் தேதி 2023 டிசம்பர் 31, ஆக 2029 டிசம்பர் 31 வரை வைக்க வேண்டும். அப்பீலோ விசாரணையோ நடந்தால் அது முடிந்த பிறகு ஓராண்டு, அல்லது அந்த 72 மாதம், எது பின்னால் வருகிறதோ அதுவரை. 2020-21 பை கனமாக இருக்கிறது என்று யாராவது பழைய பேப்பர் கடையில் போடச் சொன்னால் போட்டுவிடாதீர்கள்.

உங்களிடம் இருக்க வேண்டியது போட்ட ரிட்டர்னின் நகல், கட்டண ரசீது, கையெழுத்து வாங்கிய பட்டியல், அவ்வளவே. ஒரு கடைக்கு ஒரு வருஷத்துக்கு ஒரு பாக்ஸ் ஃபைல்கூட நிறையாது. ஃபைல் முதுகில் கடைப் பெயருக்கு மேலே நிதியாண்டைப் பெரிதாக எழுதுங்கள், அதற்குக் கீழே "இதுவரை வைக்கவும்" என்று தேதி. அடுக்கும்போது கடைவாரியாக அடுக்காமல் வருஷவாரியாக அடுக்குங்கள். கெடு முடிந்த வருஷம் மொத்தமாக ஒரே தட்டிலிருந்து இறங்கும், ஒவ்வொன்றாகத் துழாவ வேண்டாம்.

இன்னொன்று. பெட்ரோல் பங்க், சூப்பர் மார்க்கெட் பில்லெல்லாம் வெப்பத்தில் அச்சாகிற தாள். உங்கள் ஊர் வெயிலில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். அதை வாங்கிய அன்றே போட்டோ எடுங்கள் அல்லது ஜெராக்ஸ் போட்டு பின்னால் குத்தி வையுங்கள். ரப்பர் பேண்டை வீட்டை விட்டே அனுப்புங்கள், பருத்தி நாடா வாங்கிக்கொள்ளுங்கள், விலையும் குறைவு.

20-ஆம் தேதி 3பி (மாத வரி ரிட்டர்ன்) போட்டு முடித்ததும் ஆரம்பியுங்கள். மாத ஆரம்பத்தில் தொட்டால் நடுவில் நின்றுவிடும், விற்பனை ரிட்டர்ன் போடுகிற அடுத்த 11-ஆம் தேதிக்குள் அறை இதைவிட மோசமாக இருக்கும்.

உளிச்சத்தம்

அக்கா, மதுரையில் மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறோம். ஐயா காகிதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார், எனக்கு உங்கள் கால் வீக்கம்தான் கவலையாக இருக்கிறது. அலமாரியை அப்புறம் பார்க்கலாம், முதலில் உட்காருகிற இடத்தைச் சரி செய்யுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பைகளைப் பிரிக்கக்கூட உடம்பு ஒத்துழைக்காது.

நம் ஊரில் மேசைகள் பெரும்பாலும் 29, 30 அங்குல உயரத்தில்தான் செய்கிறோம். அது உயரமான ஆணுக்குச் சரி. 5 அடி 1 அங்குலத்துக்கு அது அதிகம். தோளைத் தூக்கிக்கொண்டு டைப் அடிக்கிறீர்கள், அதனால்தான் தோள் கல்லாகிறது. சாப்பாட்டு நாற்காலியின் முன் விளிம்பு தொடையின் அடியில் அழுத்தும், பாதம் தரையில் முழுசாகப் பதியாது. கால் வீங்க அதுவே போதும். (நாற்காலியை மாற்றிய பிறகும் வீக்கம் இருந்தால் டாக்டரைப் பாருங்கள் அக்கா, தள்ளிப்போட வேண்டாம்.)

டேப் எடுத்து மூன்று அளவு சொல்லுங்கள்: தரையிலிருந்து மேசையின் மேல்பலகை வரை, தரையிலிருந்து நாற்காலி உட்காரும் இடம் வரை, அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கினால் தரையிலிருந்து முழங்கை வரை. மேசைக்கு நடுவில் இழுப்பறை இருக்கிறதா என்பதும் வேண்டும்.

ஸ்ரீரங்கத்துக்காரி

ஐயா, 35-ஆவது பிரிவை நான் பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பேன், ஆனால் இந்த அறைக்குப் பொருத்திப் பார்த்ததில்லை. மிக்க நன்றி. இந்த 20-ஆம் தேதிக்கு அப்புறம் ஒவ்வொரு கடையாகத் திருப்பிக் கொடுக்கத் தொடங்குகிறேன்.

தம்பி, மேசை 30 அங்குலம். நாற்காலி 17. முழங்கை இருபத்தி நாலரை. நடுவில் ஒரு இழுப்பறை, அதன் அடிப்பலகை தரையிலிருந்து 26-இல் இருக்கிறது. காலை அறுக்கலாமா என்று கேட்டுவிடாதீர்கள், அப்பாவின் மேசை, அதை அறுக்க மனசு வராது.

உளிச்சத்தம்

அறுக்க வேண்டாம் அக்கா. அந்தக் காலத்துத் தேக்கு, நானே அறுக்கச் சொல்லமாட்டேன். மேசையை இறக்க முடியாது, அதனால் உங்களை ஏற்றுவோம்.

முழங்கைக்கும் மேசைக்கும் ஐந்தரை அங்குலம் இடைவெளி இருக்கிறது. உயரம் கூட்டிக் குறைக்கிற ஆபீஸ் நாற்காலியை 22 வரை ஏற்றினால் முழங்கை கிட்டத்தட்ட மேசை மட்டத்துக்கு வந்துவிடும். அப்போது கால் அந்தரத்தில் தொங்கும், அதற்கு ஒரு கால்பலகை அவசியம். 18 அங்குல அகலம், 12 அங்குல ஆழம், உயரம் ஆறோ ஏழோ, நாற்காலியில் உட்கார்ந்து அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள். முன்பக்கம் லேசாகச் சரிவாக இருந்தால் பாதத்துக்கு இதம். உங்கள் தெருவில் எந்த ஆசாரியும் துண்டுப் பலகையில் அரை நாளில் செய்து தருவார். இரண்டு காலையும் அகட்டி வைக்கிற அளவு அகலம் முக்கியம், சின்னதாகச் செய்தால் ஒரே நிலையில் கால் மரத்துவிடும்.

இழுப்பறையைக் கழற்றிவிடுங்கள். 22-இல் உட்கார்ந்தால் தொடை இருபத்தி ஏழரை வரை வரும், 26-இல் இருக்கிற இழுப்பறை இடிக்கும். பெரும்பாலானவர்கள் நாற்காலியை ஏற்றாமல் தாழ்வாகவே உட்கார்ந்திருப்பதற்கு இந்த இழுப்பறைதான் காரணம், யாரும் கவனிப்பதில்லை. பழைய மேசையில் இழுப்பறை ஓடுகிற சட்டமும் திருகாணியில்தான் இருக்கும், அதையும் எடுத்து ஒரு துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டால் மேசைக்கு ஒரு சேதமும் இல்லை.

நாற்காலி புதிதாக வாங்க வேண்டாம். மூடிய ஆபீஸ்களின் சாமான்களை எடுத்து விற்கிற பழைய பர்னிச்சர் கடை திருச்சியில் நிச்சயம் இருக்கும், 3,000, 4,000-க்கு நல்லது கிடைக்கும். போய் உட்கார்ந்து, முழு உயரத்துக்கு ஏற்றிக் கொஞ்ச நேரம் அப்படியே இருங்கள். மெதுவாகக் கீழே இறங்கினால் அந்த சிலிண்டர் போய்விட்டது, வேறு பாருங்கள். இருக்கையின் ஆழமும் பாருங்கள், முதுகு சாய்ந்திருக்கும்போது முழங்காலுக்குப் பின்னால் இரண்டு மூன்று விரல் இடம் இருக்க வேண்டும்.

லேப்டாப்பைத் தடித்த புத்தகங்கள் மேல் ஏற்றி, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே வரட்டும், ஒரு கை நீட்டுகிற தூரத்தில். தனியாகக் கீபோர்டும் மவுஸும் வாங்குங்கள், ஆயிரத்துக்குள் முடியும். கழுத்துவலி பாதி இதிலேயே குறையும்.

மேசையை ஜன்னலைப் பார்த்துப் போடாதீர்கள். ஜன்னல் உங்கள் இடக்கைப் பக்கம் வருகிற மாதிரி திருப்புங்கள், வெளிச்சம் பக்கவாட்டில் வந்தால் திரையிலும் அடிக்காது, கண்ணிலும் அடிக்காது. ஃபேனுக்கு நேர் கீழே இல்லாமல் கொஞ்சம் தள்ளினால் காகிதமும் அடங்கும்.

மின்கம்பி_சேலம்

மேடம், மேசைக்கடியில் இன்வர்ட்டர் பேட்டரி என்று எழுதியிருக்கிறீர்கள், யாரும் அதைத் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன். அதை அங்கிருந்து எடுத்தே ஆக வேண்டும்.

தண்ணீர் ஊற்றுகிற வகை பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியே வரும், கூடவே ஆசிட் ஆவியும். காற்றோட்டம் இருந்தால் பயமில்லை. உங்கள் விஷயத்தில் ஒரே ஜன்னல், வெயிலுக்காக அதையும் மூடுவீர்கள், சுற்றிலும் காகிதம், துணிப்பை. நீங்கள் மணிக்கணக்கில் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். நடையிலோ, மழை படாத பால்கனி மூலையிலோ, மாடிப்படிக்குக் கீழேயோ நகர்த்தச் சொல்லுங்கள். ஓனரிடம் கேளுங்கள், நியாயமான ஆளாக இருந்தால் இதற்கு மறுக்கமாட்டார். ஒயரை நீட்டிக்க வேண்டியிருக்கும், தடிமன் சரியாகப் போட வேண்டும், எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள், நீங்களாகக் கழற்ற வேண்டாம். நகர்த்தும்போதே டிஸ்டில்டு வாட்டர் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரிண்டர் லேசரா? லேசர் என்றால் இன்வர்ட்டர் லைனில் போடாதீர்கள், சூடாகும் நேரத்தில் திடீரென்று நிறைய இழுக்கும். லேப்டாப், மோடம், விளக்கு, ஃபேன் மட்டும் இன்வர்ட்டரில் இருக்கட்டும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டிருந்தால் இன்றைக்கே பிடுங்குங்கள். சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியர், 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 1,380 வாட்ஸ். அதிலேயே யாராவது 1,000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸைச் சொருகினால் ஒயர் சூடாகும், பக்கத்தில் பில் கட்டு வேறு. தையல் மிஷின் அறையில் துணி தேய்க்கிற பழக்கம் பல வீட்டில் உண்டு, அதனால் கேட்கிறேன். ஒயர்களை மேசையின் பின்காலோடு சேர்த்துத் துணி நாடாவால் கட்டுங்கள், தரையில் ஓடவிடாதீர்கள், பெருக்கும்போது இழுபடும்.

தஞ்சைத்_திண்ணை

அக்கா, நான் வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். எல்லோரும் நல்ல யோசனை சொல்லியிருக்கிறார்கள், ஆனால் தையல் மிஷினையும் மடக்குக் கட்டிலையும் யாரும் கேட்கவில்லை. அது ஆபீஸ் அறையா, இல்லை வீட்டில் இடமில்லாததெல்லாம் வந்து சேர்கிற அறையா? அதை வீட்டில் உட்கார்ந்து பேசித் தீர்க்காமல் எந்த நாற்காலி வாங்கினாலும் திரும்ப இதே நிலைதான். பதினெட்டுக் கடைகளின் கணக்கு உங்கள் கையில் இருக்கிறது. அந்த வருமானம் வீட்டுக்குத்தான் வருகிறது. அறை கேட்பது உங்கள் உரிமை, தயங்காதீர்கள்.

மாமியாரிடம் நேராகக் கேளுங்கள், "அத்தை, மிஷினைக் கூடத்து ஜன்னல் பக்கம் போட்டால் உங்களுக்கும் வெளிச்சமாக இருக்குமே" என்று. தைக்கிறவர்களுக்கு வெளிச்சம்தான் வேண்டும். மேற்கு வெயிலில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோர்க்க அவருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். கட்டில் வருஷத்தில் எத்தனை நாள் விரிக்கிறீர்கள்? படுக்கை அறைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்துவிடலாம்.

கோவை ஐயா சொன்னதில் ஒரு சின்ன மாற்றுக் கருத்து. வெப்பத்தாள் பில்லைப் போட்டோ எடுப்பது சரி. அதைக் கேட்டுவிட்டு 2020-லிருந்து எல்லாவற்றையும் ஸ்கேன் செய்ய உட்கார்ந்துவிடாதீர்கள். பழையதைப் பட்டியல் போட்டுத் திருப்பிக் கொடுங்கள், அது போதும். இந்த மாதத்திலிருந்து வருகிறதை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள்.

வெயிலுக்கு: திருச்சி சென்னை மாதிரி புழுக்கம் இல்லாத வறண்ட வெயில், அதனால் வெட்டிவேர் தட்டி நன்றாக வேலை செய்யும். ஜன்னலுக்கு வெளிப்பக்கம் கட்டுங்கள், உள்ளே கட்டினால் கண்ணாடி சூடாகி அந்தச் சூடு அறைக்குள்ளேயே நிற்கும். கம்பியிலேயே கயிறு போட்டுக் கட்டலாம், துளை போட வேண்டாம். இரண்டு மணிக்குத் தண்ணீர் தெளித்தால் வாசனையோடு காற்று வரும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் கழற்றிக் காயவைத்துப் பரணில் வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.

பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். கரையான் மண்கோடு சுவரில் ஏறினால் கண்ணில் படும். ஃபைல்களுக்கு நடுவே வசம்புத் துண்டு போடுங்கள், ராமபாணப் பூச்சிக்கு எங்கள் வீட்டில் தலைமுறையாக அதுதான். பாச்சை உருண்டை வேண்டாம், நாள் முழுக்க அதே அறையில் மூச்சு விடுகிறீர்கள்.

ஸ்ரீரங்கத்துக்காரி

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சேலம் நண்பர் எழுதியதைப் படித்ததும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அன்றைக்கே எலக்ட்ரீஷியன் வந்து பேட்டரியைப் பின்பக்க நடைக்கு மாற்றிவிட்டார். ஓனர் ஒன்றும் சொல்லவில்லை. பிரிண்டர் லேசர்தான், அதைச் சுவர் பாயின்ட்டுக்கு மாற்றியாச்சு. அத்தையிடம் தஞ்சைத் தோழி சொன்ன மாதிரியே கேட்டேன். இவ்வளவு நாள் கேட்காமல் இருந்தாயே, கண் வலிக்கிறது என்று நானே சொல்ல நினைத்தேன் என்றார். மிஷின் கூடத்துக்குப் போய்விட்டது.

பழைய நாற்காலி 3,500-க்குப் பார்த்து வைத்திருக்கிறேன், ஏற்றி உட்கார்ந்து பார்த்தேன், இறங்கவில்லை. இழுப்பறை கழன்றுவிட்டது, ஆனால் அதில் இருந்த பேனா, முத்திரை, ஸ்டேப்ளர் எல்லாம் இப்போது மேசை மேல் கிடக்கின்றன. அதற்கு ஏதாவது சொல்லுங்கள். அப்புறம், ஒரு கடைக்காரர் பைகளை வாங்கிக்கொள்ள மறுக்கிறார், கடையில் இடமில்லை, உங்களிடமே இருக்கட்டும் என்கிறார். என்ன செய்வது?

பேரேடு_கோவை

வாங்க மறுக்கிறவரிடம் சண்டை வேண்டாம் அம்மா. 72 மாதக் கணக்கை ஒரு தாளில் அவர் கடைப் பெயர் போட்டு எழுதி, 35-ஆவது பிரிவையும் குறிப்பிட்டு, வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுங்கள். அதைப் பார்த்தால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார். அப்படியும் வைக்கச் சொன்னால், வருஷத்துக்கு இவ்வளவு என்று வைப்புக் கட்டணம் கேளுங்கள். நியாயமாகவே கேளுங்கள், உங்கள் அறைக்கும் வாடகை கொடுக்கிறீர்கள்.

உளிச்சத்தம்

அக்கா, அந்த இழுப்பறையைத் துணியில் சுற்றி வைக்கச் சொன்னேன், இனி வேண்டாம். அதையே மேசைக்கு வலப்பக்கம் ஒரு முக்காலி மேல் வையுங்கள், பேனாவும் முத்திரையும் பழையபடி அதிலேயே இருக்கட்டும். முக்காலி உயரம் 22-க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உட்கார்ந்தபடியே கை எட்டும். கால்பலகைக்கு ஆசாரி வரும்போது அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.